வீட்டு விதைக்கு டெல்லியில் எழுதிய வரி

புதுக்கோட்டை மாவட்டத்தில் உளுந்து அடித்துத் தூற்றியதும், விற்பனைக்குப் போகும் மூட்டைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நல்ல திரட்சியான மணிகளை விதைக்கென்று ஒதுக்குவது பழைய வழக்கம். இரண்டு மூன்று வெயில் காயவைத்து, வேப்பிலைப் பொடியோ வசம்புத் தூளோ கலந்து கட்டி வைப்பார்கள். அடுத்த பட்டத்தில் தன் தேவைக்குப் போக மீதம் இருந்தால், பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் கொடுப்பது உண்டு. காசு வாங்கிக்கொண்டும் கொடுப்பார்கள். "அறுத்ததும் அளந்து கொடுத்துவிடுங்க" என்று கைமாற்றாகவும் கொடுப்பார்கள். வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்தில் உருவான வம்பன் 8, வம்பன் 11 போன்ற ரகங்கள் கடையில் வாங்கிய பைகளால் மட்டும் ஊர் ஊராகப் பரவவில்லை. இந்தக் கைமாற்றும் அவற்றைக் கொண்டு சேர்த்தது.

புதிய விதைச் சட்டம் வரப்போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் விவசாயிகளுக்கு ஒரு பயம் வருகிறது. விதை விற்பனைக்கு லைசென்ஸ் வேண்டும் என்கிறார்களே, அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்கு அரை மூட்டை உளுந்து கொடுப்பதும் குற்றமா?

இப்போதுள்ள சட்டப்படி குற்றம் இல்லை. இரண்டு சட்டங்களில் உள்ள இரண்டு பிரிவுகள் இதற்குக் காவல். ஒன்று, 1966 விதைச் சட்டத்தின் 24-வது பிரிவு. தான் விளைவித்த விதையைத் தன் இடத்திலேயே வைத்து, விதைப்பதற்காக இன்னொருவருக்கு நேரடியாக விற்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. மற்றொன்று, 2001 பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு. ஒரு நிறுவனமோ ஆராய்ச்சி நிலையமோ பதிவு செய்து உரிமை பெற்ற ரகமாகவே இருந்தாலும், அதன் விளைச்சலையும் விதையையும் சேமிக்க, பயன்படுத்த, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர்ந்துகொள்ள, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது இது. நிபந்தனை ஒன்றுதான். பாதுகாக்கப்பட்ட அந்த ரகம் என்று லேபிள் ஒட்டிப் பையில் அடைத்து 'பிராண்டு' விதையாக விற்கக் கூடாது.

இந்த வரிகள் சட்டத்துக்குள் தானாக வந்து உட்காரவில்லை. அதிலும் 39-வது பிரிவு வந்த வழியைப் பார்த்தால், நாடாளுமன்றம் எப்படி வேலை செய்கிறது, விவசாயி சொல்வது எந்த இடத்தில் எடுபடும் என்பது விளங்கும்.

குழு அறையில் மாறிய மசோதா

1995-ல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது இந்தியாவும் உறுப்பு நாடாக இருந்தது. பயிர் ரகங்களுக்குக் காப்புரிமையோ, அதற்கு ஈடான தனிச் சட்டமோ கொண்டுவர வேண்டிய கட்டாயம் அதனால் ஏற்பட்டது. மேலை நாடுகளில் இருந்த சட்டங்கள் பெரும்பாலும் ரகத்தை உருவாக்கியவரின் உரிமையை மையமாக வைத்தவை. விவசாயி சொந்த விதையை வைத்துக்கொள்வது அங்கே ஒரு சலுகை. இங்கே நிலைமை வேறு. நாட்டில் விதைக்கப்படும் விதையில் பெரும்பங்கு விவசாயி வீட்டிலிருந்தே வருகிறது. சென்னையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலேயே விவசாயிகளின் பங்கையும் அங்கீகரிக்கும் ஒரு மாதிரிச் சட்ட வரைவைத் தயாரித்திருந்தது.

1999 டிசம்பரில் மத்திய அரசு ஒரு மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தது. அதில் விவசாயிக்கென்று இருந்தது கொஞ்சம்தான். விளைச்சலைச் சேமிக்கலாம், பகிரலாம், விற்கலாம். ஆனால் வணிக ஏற்பாட்டின் கீழ் விதைக்காக விற்கக் கூடாது என்கிற மாதிரியான வாசகம். 'வணிக ஏற்பாடு' என்பதற்கு யார் எப்படி வேண்டுமானாலும் பொருள் சொல்லலாம். சந்தையில் சாக்கை விரித்து விதைக் கடலை விற்பதும் வணிகம் என்று ஒரு வக்கீல் வாதாடினால் என்ன செய்வது?

அந்த மசோதா உடனே வாக்கெடுப்புக்குப் போகவில்லை. இரு அவைகளின் உறுப்பினர்களும் அடங்கிய கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு விவசாய அமைப்புகளையும், விஞ்ஞானிகளையும், விதை நிறுவனங்களையும் அழைத்துக் கருத்துக் கேட்டது. 2000 ஆகஸ்டில் அறிக்கை வந்தபோது மசோதாவின் உருவமே மாறியிருந்தது. உழவர் உரிமைக்கென்று தனி அத்தியாயம் வந்தது. விதையை விற்கும் உரிமை தெளிவாக எழுதப்பட்டது. விவசாயிகள் தங்கள் மரபு ரகத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சேர்ந்தது. பதிவு பெற்ற ரகம் சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கேட்கலாம் என்பதும், தெரியாமல் உரிமை மீறிய விவசாயியைத் தண்டிக்கக் கூடாது என்பதும் இந்த அத்தியாயத்தில்தான் இருக்கின்றன. இரு அவைகளும் நிறைவேற்றி, 2001 அக்டோபர் 30-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது.

இதனால் என்ன பயன் என்பது 18 ஆண்டு கழித்துக் குஜராத்தில் தெரிந்தது. சிப்ஸுக்கான ஓர் உருளைக்கிழங்கு ரகத்தைப் பதிவு செய்திருந்த பெப்சிகோ நிறுவனம், அதை அனுமதியில்லாமல் பயிரிட்டதாக 2019-ல் சில விவசாயிகள் மீது ஆமதாபாத்தில் வழக்குப் போட்டது. நான்கு பேரிடம் தலைக்கு 1 கோடியே 5 லட்சம் ரூபாய் கேட்டது. சில ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் கோடிக்கணக்கில் நஷ்டஈடு! விவசாய அமைப்புகள் கையில் எடுத்தது 39-வது பிரிவைத்தான். எதிர்ப்பு வலுத்து, ஒரு மாதத்துக்குள் நிறுவனம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அந்த ரகத்தின் பதிவு செல்லுமா என்ற வழக்கு அதன் பிறகும் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது, அது வேறு கதை. 1999 மசோதாவின் வாசகமே சட்டமாகியிருந்தால் அந்த விவசாயிகள் எந்தப் பிரிவைக் காட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இரண்டு அவை, மூன்று வாசிப்பு

நாடாளுமன்றம் என்பது குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை மூன்றும் சேர்ந்தது. மக்களவைக்கு 543 உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு 39 பேர். மாநிலங்களவையில் இப்போது 245 இடங்கள், தமிழ்நாட்டுக்கு 18. இவர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 6 ஆண்டு பதவி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள் என்பதால் அந்த அவை ஒருபோதும் கலைவதில்லை. மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் இருந்த மசோதாக்களும் காலாவதியாகிவிடும். மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே நிலுவையில் இருப்பது காலாவதியாகாது.

மசோதாவுக்கு ஒவ்வொரு அவையிலும் மூன்று வாசிப்பு. முதல் வாசிப்பில் அறிமுகம் மட்டும். இரண்டாவது வாசிப்பில் பொது விவாதம், தேவைப்பட்டால் குழுவுக்கு அனுப்புதல், பிறகு ஒவ்வொரு பிரிவாக எடுத்துத் திருத்தங்களோடு வாக்கெடுப்பு. மூன்றாவது வாசிப்பில் மொத்த மசோதாவுக்கும் ஆம் அல்லது இல்லை. ஓர் அவையில் நிறைவேறியது மற்ற அவைக்குப் போய் அங்கேயும் இதே மூன்று படியையும் ஏற வேண்டும். பண மசோதா மட்டும் விதிவிலக்கு. அது மக்களவையில்தான் தொடங்கும். மாநிலங்களவை 14 நாளுக்குள் கருத்துச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும், தடுக்க முடியாது. மற்ற மசோதாக்களில் இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் நடத்த வழி உண்டு. 1961, 1978, 2002 என மூன்று மசோதாக்களுக்குத்தான் இதுவரை அது தேவைப்பட்டிருக்கிறது.

தொலைக்காட்சியில் அவையின் கூச்சலைப் பார்ப்பவர்களுக்கு, சட்டம் அங்கேதான் உருவாகிறது என்று தோன்றும். வாசகம் மாறுவது பெரும்பாலும் குழு அறையில்தான். 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இயங்குகின்றன. இப்போது 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என்று 31 பேர். வேளாண்மை, கால்நடை பராமரிப்பு, உணவு பதப்படுத்துதல் துறைகளுக்குச் சேர்த்து ஒரு குழு. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்வார்கள். கேமரா கிடையாது. அதனாலோ என்னவோ, அங்கே ஆளும் கட்சிக்காரரும் சில குறைகளை ஒப்புக்கொள்வது உண்டு. துறைச் செயலாளரை அழைத்துக் கேள்வி கேட்பார்கள். பொதுமக்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்பார்கள்.

ஆனால் மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2009 முதல் 2014 வரை இருந்த 15-வது மக்களவைக் காலத்தில் 100-க்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 2019 முதல் 2024 வரையிலான 17-வது மக்களவைக் காலத்தில் 100-க்கு 16தான் போயின. விவசாயிகளைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டிய கணக்கு இது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

வேகமாக வந்து வேகமாகப் போன மூன்று சட்டங்கள்

2020-ன் மூன்று வேளாண் சட்டங்கள் குழு அறையைப் பார்க்கவே இல்லை. அரசியல் சட்டத்தின் பட்டியல்படி வேளாண்மையும் சந்தைகளும் மாநிலத்தின் கையில் இருப்பவை. உணவுப் பொருள் வணிகம் மட்டும் பொதுப் பட்டியலில் 33-வது இனமாக இருக்கிறது. அந்த இனத்தைப் பிடித்துத்தான் மத்திய அரசு இந்தச் சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வெளியே வணிகம், ஒப்பந்தச் சாகுபடி, அத்தியாவசியப் பொருட்களின் இருப்புக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது என்பவை அவற்றின் பொருள்.

2020 ஜூன் 5-ல் அவை அவசரச் சட்டங்களாக வந்தன. நாடாளுமன்றம் கூடியிருக்காத நேரத்தில் மட்டும் குடியரசுத் தலைவர் வழியாக அரசு பிறப்பிக்கக்கூடியது அவசரச் சட்டம். அவைகள் மறுபடி கூடி 6 வாரத்துக்குள் ஒப்புதல் பெறாவிட்டால் அது காலாவதியாகும். செப்டம்பர் 14-ல் மக்களவை கூடியது. 15-ம் தேதி ஒரு மசோதாவும் 17-ம் தேதி இரண்டும் அங்கே நிறைவேறின. 20-ம் தேதி மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரி எதிர்க்கட்சிகள் தீர்மானம் கொண்டுவந்தன. திருச்சி சிவாவின் தீர்மானமும் அவற்றில் ஒன்று.

இங்கே ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். அவையில் சாதாரணமாக நடப்பது குரல் வாக்கெடுப்பு. ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்றும் எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்றும் குரல் கொடுப்பார்கள். எந்தக் குரல் அதிகம் என்று அவைத் தலைவர் சொல்வதே முடிவு. ஓர் உறுப்பினர் தன் இருக்கையிலிருந்து 'டிவிஷன்' கேட்டால் ஒவ்வொருவர் வாக்கும் எண்ணப்பட்டுப் பதிவாகும். அன்று எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டதாகச் சொன்னார்கள். இருக்கையில் இருந்து கேட்கவில்லை, அவையில் ஒழுங்கும் இல்லை என்று அவையை நடத்திய தரப்பில் சொன்னார்கள். அமளிக்கு நடுவே இரண்டு மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பதிவே இல்லாமல் போனதுதான் இதில் விவசாயிக்கு நஷ்டம்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். டெல்லி எல்லையில் ஓர் ஆண்டுக்கு மேல் போராட்டம் நடந்தது. 2021 ஜனவரி 12-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை நடைமுறைப்படுத்துவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்ட் 28-ல் தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் வேறு, சட்டம் வேறு. சட்டமன்றத் தீர்மானமோ கிராம சபைத் தீர்மானமோ எதிர்ப்பைப் பதிவு செய்யும், மத்தியச் சட்டத்தின் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நாடாளுமன்றமேதான் எடுக்க முடியும். நவம்பர் 19-ல் பிரதமர் அறிவித்தார். 29-ம் தேதி ரத்து மசோதா இரு அவைகளிலும் ஒரே நாளில், விவாதமே இல்லாமல் நிறைவேறியது. வந்தபோது குழுவில் பேசவில்லை, போனபோது அவையிலும் பேசவில்லை. அந்தச் சட்டங்களில் எது நல்லது, எது கெட்டது என்று உறுப்பினர்கள் பிரிவு பிரிவாகப் பேசியிருந்தால், ஒப்பந்தச் சாகுபடியில் கம்பெனியோடு தகராறு வந்தால் யாரிடம் போவது என்ற ஒரு கேள்விக்காவது விடை கிடைத்திருக்கும்.

சென்னையில் ஒரே நாள்

அவசரம் டெல்லிக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 2017 பிப்ரவரி 15-ல் சிறு எண்ணெய், எரிவாயு வயல்களுக்கான 31 ஒப்பந்தங்களுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதில் ஆலங்குடி வட்டம் நெடுவாசலும் இருந்தது. மறுநாளே அந்த ஊரில் போராட்டம் தொடங்கியது. நிலம் விவசாயியுடையது, வேளாண்மை மாநிலத்தின் கையில் இருப்பது. ஆனால் எண்ணெய் வயல் மத்தியப் பட்டியலில் 53-வது இனம். அதனால்தான் அந்தத் திட்டத்துக்கான முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது.

மூன்று ஆண்டு கழித்து, 2020 பிப்ரவரி 20-ல், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டு மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிமுகமாகி, அன்றே நிறைவேறியது. தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்டது, ஏற்கப்படவில்லை. 1986-ல் மேலவை கலைக்கப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் ஓர் அவைதான். டெல்லியிலாவது இரண்டாவது அவை என்று ஒன்று இருக்கிறது.

சட்டத்தின் நோக்கம் நல்லது. எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன் போன்றவற்றை ஆய்வு செய்வதும் எடுப்பதும், தோல் பதனிடும் தொழிற்சாலை, செம்பு, அலுமினிய உருக்காலை போன்றவையும் மண்டலத்துக்குள் புதிதாக வரக் கூடாது என்கிறது. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் மண்டலத்துக்குள் வந்தவை அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி என ஐந்துதான். நெடுவாசல் உள்ளே வந்துவிட்டது. மீதி எட்டு ஒன்றியங்கள் வெளியே நிற்கின்றன. சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளுக்கும் தடை பொருந்தாது. எட்டு ஒன்றியங்களை ஏன் விட்டீர்கள் என்று எந்தக் குழுவின் முன்னாலும் யாரும் கேட்க வாய்ப்பு இல்லாமலே அது சட்டமானது.

ஒரு மாவட்டம், நான்கு எம்.பி.

2004 தேர்தல் வரை புதுக்கோட்டை என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. 2008 தொகுதி மறுவரையறையில் அது மறைந்தது. இப்போது கந்தர்வக்கோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளித் தொகுதியில் இருக்கின்றன. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில், விராலிமலை கரூரில். வம்பன் விவசாயி ஒரு எம்.பி.யிடமும், மணமேல்குடி விவசாயி வேறொருவரிடமும் போக வேண்டும். மாவட்டத்துக்கென்று ஒரு குரல் இல்லாமல் போனது பலருக்கும் வருத்தம்தான். அதே நேரத்தில், ஒரே கோரிக்கையை நான்கு பேரிடம் கொடுக்கும் வாய்ப்பு வேறு எத்தனை மாவட்டத்துக்கு இருக்கிறது? நான்கில் ஒருவர் வேளாண் குழுவிலோ மனுக்கள் குழுவிலோ இருந்தால் போதும். மாநிலங்களவை உறுப்பினர்களுக்குத் தொகுதி எல்லை கிடையாது, 18 பேரில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

எம்.பி. என்றால் சாலையும் சமுதாயக் கூடமும் போட்டுக்கொடுப்பவர் என்ற நினைப்பு ஊர்களில் ஊறிவிட்டது. அவருடைய முதல் வேலை சட்டத்தைப் படித்துத் திருத்தம் கொடுப்பது, கேள்வி கேட்பது. கேள்வி நேரத்துக்கென்று தினமும் ஒரு மணி நேரம் உண்டு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். பயிர்க் காப்பீட்டுத் தொகை இந்த மாவட்டத்துக்கு எவ்வளவு, எப்போது என்று கேட்டு வாங்கிய எழுத்துப் பதில், அலுவலகம் அலுவலகமாக நடந்து பெறும் தகவலைவிட உறுதியானது. வெள்ளையர் காலத்து டெல்லி மத்திய சட்டமன்றத்தில் வாதத்தால் அரசைத் திணறடித்த தீரர் சத்தியமூர்த்தி திருமயத்தில் பிறந்தவர்தான்.

அமைச்சராக இல்லாத உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம். அது தனிநபர் மசோதா. வெள்ளிக்கிழமை பிற்பகலில் அதற்கு நேரம் ஒதுக்குவார்கள். சட்டமாவது மிக அபூர்வம். 1952 முதல் 14தான் ஆகியிருக்கின்றன, 1970-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆனாலும் வீண் என்று சொல்ல முடியாது. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவை ஏற்றுக்கொண்டது. சில ஆண்டு கழித்து அரசே அது பற்றிச் சட்டம் கொண்டுவந்தது. பொறுமை வேண்டிய வேலை இது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1926-ல் சென்னை சட்டமன்ற மேலவைக்குள் போய்த் தேவதாசி ஒழிப்புக்குக் குரல் எழுப்பினார். முழுச் சட்டம் வந்தது 1947-ல்.

சட்டத்துக்குப் பிறகும் வேலை இருக்கிறது

இரு அவைகளும் நிறைவேற்றியதைக் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொள்ளலாம், அல்லது ஒருமுறை திருப்பி அனுப்பலாம். அவைகள் மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதல் கொடுத்தாக வேண்டும். பிறகு அரசிதழில் வரும். அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள், முடிவதில்லை. எந்த நாளிலிருந்து அமல் என்று அரசு தனியாக அறிவிக்க வேண்டும். படிவம் என்ன, கட்டணம் எவ்வளவு, எந்த அதிகாரி என்பதையெல்லாம் விதிகளாக எழுத வேண்டும். 2001-ல் ஒப்புதல் பெற்ற உழவர் உரிமைச் சட்டத்துக்கான ஆணையம் அமைந்தது 2005-ல்தான். விதிகளை அதிகாரிகள் எழுதுவார்கள். அவற்றை அவைகளின் முன் வைக்க வேண்டும் என்பது முறை. வைத்த விதியைப் பிரித்துப் படிக்கும் உறுப்பினர் குறைவு.

இப்போது விதைச் சட்டத்துக்கு வரலாம். 1966 சட்டம் பழையதாகிவிட்டது என்பதில் சந்தேகம் இல்லை. முளைக்காத விதையை விற்றவருக்கு முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். ஒரு பை மக்காச்சோள விதையின் விலைகூட இதைவிட அதிகம். ஒரு பட்டமே போன விவசாயிக்கு இந்த 500 ரூபாய் அபராதத்தால் எந்த ஆறுதலும் இல்லை. அதனால் கடுமையான புதுச் சட்டம் வேண்டும் என்பது விவசாயிகளின் கோரிக்கையும்தான். 2004-ல் ஒரு விதை மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. வேளாண் நிலைக்குழு ஆராய்ந்து 2006-ல் பல திருத்தங்களோடு அறிக்கை கொடுத்தது. அது சட்டமாகவே இல்லை. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் புதிதாக ஒரு வரைவு விதை மசோதாவை வெளியிட்டு, டிசம்பர் 11 வரை கருத்துக் கேட்டது. பெரிய குற்றங்களுக்கு 30 லட்சம் ரூபாய் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை என்று அதில் இருந்தது. விவசாயி தன் விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, விற்கத் தடையில்லை, பிராண்டு பெயரில் விற்கக் கூடாது என்ற வாசகமும் இருந்தது.

இந்த மாதிரி வரைவு எது வந்தாலும் விவசாயிகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் முதலில் தேட வேண்டியது விலக்குப் பிரிவை. 'விவசாயி' என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்? குழுவாகச் சேர்ந்து விதை உற்பத்தி செய்பவர்கள் அதில் வருகிறார்களா, அல்லது வியாபாரி ஆகிவிடுகிறார்களா? விதைத் திருவிழாவில் மாப்பிள்ளைச் சம்பா விதை நெல்லைப் பொட்டலம் கட்டிப் பெயர் எழுதி வைத்தால் அது 'பிராண்டு' ஆகுமா? விதை பொய்த்தால் இழப்பீட்டை யார், எத்தனை நாளில் கொடுப்பார்? "இந்தச் சட்டம் வேண்டாம்" என்று பத்து ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனுவைவிட, "இந்தப் பிரிவில் இந்தச் சொல்லை எடுத்துவிட்டு இதை வையுங்கள், காரணம் இது" என்று எழுதிய ஒரு பக்கம் குழு அறையில் அதிக வேலை செய்யும். 39-வது பிரிவு அப்படித்தான் திருந்தியது.

கருத்துச் சொல்ல மூன்று வாய்ப்பு உண்டு. வரைவை அமைச்சகம் வெளியிடும்போது முதல் வாய்ப்பு. மசோதா வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசு முடிவு செய்திருக்கிறது. இது வழிகாட்டுதல்தான், சட்டக் கட்டாயம் இல்லை. மசோதா குழுவுக்குப் போனால் இரண்டாவது வாய்ப்பு. குழு நாளிதழ்களிலும் நாடாளுமன்ற இணையதளத்திலும் அறிவிப்பு கொடுக்கும், நேரில் பேச விரும்புவதையும் மனுவிலேயே குறிப்பிடலாம். குழுவுக்குப் போகாவிட்டால், பிரிவுவாரி விவாதத்துக்கு முன் எம்.பி. வழியாகத் திருத்தம் கொடுப்பது மூன்றாவது. அதற்குக் கிடைக்கும் நேரம் சில நாட்கள்தான்.

நிலுவையில் உள்ள மசோதா பற்றி மக்களவையின் மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம். அதற்கான படிவம் உண்டு. மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதினால், அந்த இரண்டில் ஒரு மொழியில் மொழிபெயர்ப்பை இணைத்து, அதிலும் மனுதாரர் கையெழுத்திட வேண்டும். ஓர் எம்.பி.யின் மேலொப்பமும் தேவை. புதுக்கோட்டைக்காரர்களுக்கு அந்தக் கையெழுத்துக்காகப் போகத் திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர் என நான்கு கதவுகள் இருக்கின்றன. எந்த ஊர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.